பள்ளிக்கூட மாடியிலிருந்து லூர்து அத்தை வாசல் வரை

நம் நேரலை ஒளிபரப்பு யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

போன மாதம் உங்கள் வண்டியைப் பார்க்க வந்தபோது உங்களில் ஒருவன் பெரிய பெட்டி லென்ஸைக் கையால் தட்டிக் காட்டி, "சார், இது ஒண்ணோட விலைக்கு எங்க ஊர்ல வீடே வாங்கிடலாமாம். என் போன்லயே எவ்ளோ ஜூம் இருக்கு! எதுக்கு சார் இதுக்குப் போய் இவ்ளோ காசு?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லென்ஸைத் தட்டாதே, அது தர்பூசணி இல்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் அதில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் இருக்கிறார்கள்.

கண்ணாடிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். உன் போனில் ஜூம் செய்தால் ஒரு இடத்தில் படம் குதிக்கும், பிறகு இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். கல்யாண போட்டோ எடுக்கிறவரின் லென்ஸ் நல்ல லென்ஸ்தான், ஆனால் ஜூம் செய்து உள்ளே போனால் ஃபோகஸ் நழுவும், மறுபடி திருப்ப வேண்டும். அவருக்கு அது பரவாயில்லை, படம் வந்தால் போதும். நமக்கு அப்படி இல்லை. போகிற வழியும் நேரலையில் போகிறது. தெரு முழுவதையும் காட்டிவிட்டு ஒரு முகம் வரை போகும்போது, நடுவில் ஒரு கணம்கூட மங்கக் கூடாது, இருளக் கூடாது, ஃபோகஸை அசைத்தால் ஓரங்கள் மூச்சு விடுவது மாதிரி விரிந்து சுருங்கக் கூடாது. அதற்காக உள்ளே அத்தனை கண்ணாடிகள் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து நகர்கின்றன. ஒன்று முடியளவு தப்பினாலும் மொத்தமும் கெடும். இப்படிச் செய்யத் தெரிந்தவர்களும் கொஞ்சம், வாங்குகிறவர்களும் கொஞ்சம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

என் அப்பா தங்க வயல் சுரங்கத்தில் விண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு, கேஜ், அவர் கையில்தான் ஓடும். கேஜ் கிளம்பியதும் நின்றதும் உள்ளே இருப்பவனின் முழங்காலுக்குத் தெரியக் கூடாது என்பார். நான் ஜூம் பழகும்போது அந்தப் பேச்சுதான் மனதில் ஓடும். கேமராக்காரனின் பிள்ளைகளைவிட எனக்கு அந்த ஒரு விஷயம் சீக்கிரம் வந்தது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீஃப் ஒருவர் இருந்தார். கோபக்காரர், தலையில் குட்டுவார். பெங்களூரில் ஒரு பெரிய மனிதரின் இறுதி ஊர்வலத்தை ஒரு மாடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். எதிர் வீட்டு ஜன்னலில் அந்த மனிதரின் மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என் லென்ஸ் தானாகவே அங்கே போய்விட்டது. சீஃப் பின்னாலிருந்து என் கை மேல் கை வைத்து மெதுவாக வெளியே கொண்டுவந்தார். "எட்டுதுன்னு காட்டாதப்பா. கேட்டுக்கிட்டு காட்டு. கேக்க முடியாத எடத்துல, கேட்டிருந்தா சரின்னு சொல்லுவாங்களான்னு யோசிச்சிட்டு காட்டு" என்றார். அன்று அவர் குட்டவில்லை. அதனால்தானோ என்னவோ அது மறக்கவே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரே அந்த ரயிலில்தான் இருந்தது. சீட்டு ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், ஜெபமாலை உருட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள் எல்லாப் பக்கமும். அந்தப் பெட்டியில் ஜன்னலோரம் உட்காருவாள் ஸ்டெல்லா. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒன்றுதான் அவள் வீடும்; அப்பா இல்லை, அம்மாவும் மகளும்தான். அவளுடைய அம்மா லூர்து அத்தை என் அம்மாவுக்குக் கோவில் பாட்டுக் குழுவில் தோழி. அத்தைக்கு என்னைப் பிடிக்கும். எனக்கு ஸ்டெல்லாவைப் பிடிக்கும். ஸ்டெல்லாவுக்கு என்னைப் பிடித்ததா என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பூ வைத்தார்கள். கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து, கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள்.

அடுத்த ஓலைக்கு முன்னால் அவளுக்கு அயர்லாந்தில் வேலை உத்தரவு வந்துவிட்டது. ரயிலில்தான் சொன்னாள். "தாஸு, இப்போ போவலன்னா எப்பவும் போவ மாட்டேன். நீ இன்னா சொல்ற?" என்றாள். போய்ட்டு வா என்றேன். அவள் பாதியைத்தான் செய்தாள். சில வருஷங்களில் அங்கேயே கூட வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள், நான்தான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். பிறகு பார்க்கிறவர்களும் அலுத்துப்போனார்கள்.

லூர்து அத்தையின் கோபம்தான் பெரிது. ஓலை வாசித்த பெண் போய்விட்டாள் என்றால் எங்கள் ஊரில் சும்மா இல்லை. கோவில் படி ஏறும்போதெல்லாம் அந்தப் பேச்சு முதுகில் விழும். அத்தை மகளோடு பேசுவதை நிறுத்தினார். ஒருமுறை ஸ்டெல்லா பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் அன்று வெளியூர் ஷூட்டிங்கில் இருந்தேன். வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

எங்கள் மாதா கோவில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் தேர் லைன் வழியாக வரும்போது ஒவ்வொரு வாசலிலும் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். வீட்டில் எத்தனை உயிரோ அத்தனை மெழுகுவத்தி. சுரங்கம் ஓடிய காலத்தில் வந்தது. தேர் வரும் நேரத்தில் பூமிக்குள் ஷிஃப்டில் இருப்பவனுக்கும் சேர்த்து ஏற்றுவார்கள், அவன் இல்லாத குறை மாதாவுக்குத் தெரியக் கூடாது என்று. இப்போது துபாயில் இருப்பவனுக்கும் பெங்களூரில் பி.ஜி. விடுதியில் இருப்பவளுக்கும் ஏற்றுகிறார்கள். அடுத்த வீட்டு வாசலில் எத்தனை எரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் வழக்கத்தில் சேர்ந்ததுதான், அதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்டெல்லா போனதிலிருந்து லூர்து அத்தை வாசலில் தனக்கென்று ஒன்றுதான் எரிந்தது. ஊருக்கே தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து தேர்த் திருவிழாவை நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். நம் யூனிட்டுக்கு அந்த வேலை வந்தது. செய்தி வெளியான ஞாயிற்றுக்கிழமை என் போனில் தெரியாத நம்பர்.

"தாஸு, நான் ஸ்டெல்லா."

அவள் நலம் விசாரித்தாள், நானும் விசாரித்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கம்மா என் கொரல் கேட்டா போன வெச்சிடுது. வீடியோன்னா போனையே கவுத்து வெச்சிடுது. பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன்னு போனா முந்தானைய இழுத்து மூஞ்ச மூடிக்கிச்சாம். நடக்க முடியலன்னு சொல்றாங்கோ. எனக்கு மொகம் மறந்துடும் போல கீது தாஸு. நம்ம லைன் வழியாத்தான தேர் வரும்? ஒரே ஒரு தடவ காட்டுவியா?"

பார்க்கலாம் என்றேன். போனை வைத்த பிறகு சீஃபின் கை என் கை மேல் வந்து உட்கார்ந்தது. முகத்தைக் காட்ட மாட்டேன் என்று அந்த அம்மா இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? வாசலில் கேமராவோடு போய் நின்றால் கதவைச் சாத்திவிடுவார். மாடியிலிருந்து தெரியாமல் எடுத்தால் அது திருட்டு. இன்னொன்றும் என்னை அரித்தது. கேட்டது வேறு யாராவது என்றால் இவ்வளவு யோசித்திருப்பேனா, அல்லது உடனே முடியாது என்று சொல்லியிருப்பேனா?

திருவிழாவுக்கு முந்தின நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாடா தாஸு. இன்னா, கோவிலாண்ட ஒரே வயரா இழுத்துக்கினு கீறீங்களாமே?"

"ஆமா அத்த. நாளைக்கு தேர் டிவியில வருது. வெளிநாட்டுல எல்லாம் பாப்பாங்க. நம்ம லைனும் வரும். உங்க வாசலும் வரும்."

கை நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது. "கேமரா எங்க நிக்கும்?"

"பள்ளிக்கூட மாடியில."

"அவ்ளோ தூரத்துல இருந்தா? நான் புள்ளியாத்தான் தெரிவேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் எனக்குச் சுலபம். "இல்ல அத்த," என்றேன். "நல்லா தெரிவீங்க. கண்ணு மொதக்கொண்டு தெரியும். அதுக்குன்னு ஒரு லென்ஸ் கொண்டாந்துக்கீறேன்."

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "டீ துன்னுட்டுப் போ" என்று எங்கள் ஊர் பாணியில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். டீ குடித்துக்கொண்டே நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்தேன். நாளை அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் போவேன். உள்ளே இருந்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன், ஸ்டெல்லா கேட்டாலும் சரி.

மறுநாள் மத்தியானமே பள்ளிக்கூட மாடியில் லென்ஸை ஏற்றினோம். அங்கிருந்து பார்த்தால் கோவில், சரிவான தெரு, லைன் வீடுகள், அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரம், அதற்கும் பின்னால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து வெளிறிப்போன சயனைடு மேடு. வெயிலில் அத்தையின் நீலக் கதவு வரை உள்ளே போய் ஃபோகஸ் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும்: முதலில் உள்ளே போய்க் கூர்மை பார், பிறகு வெளியே வா. வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஆள் இல்லை.

தேர் தாமதமாகத்தான் கிளம்பியது. எங்கள் ஊரில் தேர் என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியது? வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. வண்டிக்குள் இருந்த டைரக்டர் ஒரு கன்னடப் பெண், சுறுசுறுப்பு. ஹெட்போனில் அவள் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. தேர் எங்கள் லைன் முனையில் திரும்பும்போது தெருவிளக்கு எல்லாம் போய்விட்டது. கரண்ட் கட். நம் வண்டிக்கு ஜெனரேட்டர் உண்டு, தெருவுக்கு இல்லை. தேரின் விளக்கும் வாசல் மெழுகுவத்திகளும்தான் மிச்சம்.

"கேமரா ஒன், ஏனாதரு கொடி சார், ஏதாவது குடுங்க! மத்த கேமரா எல்லாம் இருட்டா இருக்கு" என்றாள். கேமரா ஒன் என்றால் நான்.

கீழே நின்ற மற்ற கேமராக்களில் சின்ன லென்ஸ். முழு அகலத்தில் சமாளிக்கும், உள்ளே போனால் படம் இருளும். அந்த நேரத்தில் ஒரு முகம் வரை போகக்கூடியது என்னிடம் மட்டும்தான் இருந்தது. அத்தையின் நாற்காலி காலி. கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும். நான் சரி என்று தேரின் பக்கம் திரும்பினேன். சத்தியமாகத் திரும்பிவிட்டேன்.

அப்போது வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. நீலக் கதவு திறந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை வெளியே வந்தார். நாற்காலியைத் தேருக்கு நேராக இருந்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேராக இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேமரா ஒன் ரெடி" என்றேன். என் படம் நேரலையில் போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

முழு லைனையும் காட்டினேன். வாசல் வாசலாக வெளிச்சப் பொட்டுகள். பிறகு அப்பாவின் கேஜ் மாதிரி, கிளம்பியது தெரியாமல் கிளம்பினேன். இன்னும் நெருங்க அந்த லென்ஸில் ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால் முகம் திரை முழுக்க வரும், ஆனால் வெளிச்சத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும், படமும் ஒரு கணம் வெட்டுப்படும். விரல் அதன் மேல் போனது. எடுத்துவிட்டேன். கண்ணாடி எவ்வளவு தருகிறதோ அவ்வளவு போதும் என்று தோன்றியது.

பாதி வழியில் அத்தை வாசல் வெளிச்சம் இன்னும் ஒரு பொட்டுதான். முக்கால் வழியில் அந்தப் பொட்டு அகன்றது. என் கண்தான் கலங்குகிறது என்று நினைத்தேன். இன்னும் உள்ளே போனேன். பொட்டு பிரிந்து இரண்டாக நின்றது. பழைய கண்ணாடித் தம்ளர்களில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெழுகுவத்தி. சுடர் ஒவ்வொன்றின் நுனியும் தெரிந்தது. அதற்கு மேலே அத்தையின் முகம். எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த கசங்கல் கோடு தெரியும் நல்ல புடவை. முந்தானை தோளில் இருந்தது, முகத்தை மூடவில்லை. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் கட் பண்ணிவிடுவாளோ என்று பயந்தேன். ஹெட்போனில் ஓடிக்கொண்டே இருந்த குரல் நின்றிருந்தது. பிறகு மெதுவாக, "அல்லே இரி சார், அல்லே இரி" என்றாள். அங்கேயே இருந்தேன். தேர் வந்து மறைக்கும் வரை இருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கேபிள் சுற்றும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு லைனுக்கு ஓடினேன். அத்தை அதே நாற்காலியில் இருந்தார்.

"பாத்தாளா?"

"பாத்திருப்பா அத்த."

"எப்படி கீறா? எளச்சிட்டாளா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "அத்த, கேமரா இங்கருந்து அங்கதான் காட்டும். அங்கருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னாடா இது! அவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சிக்கினு, இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அத்தனை வருஷக் கோபத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை.

என் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஸ்டெல்லா. அத்தை போனைத் தொடவில்லை, என்னைப் பார்த்தே பேசினார். "ஒழுங்கா துன்றாளான்னு கேளு."

"ஸ்டெல்லா, ஒழுங்கா துன்றியான்னு கேக்கறாங்க."

"துன்றேன்னு சொல்லு தாஸு. கால்ல இன்னா வலின்னு கேளு."

"அத்த, கால்ல இன்னா..."

"எனக்குக் காது கேக்குது, நீ வுடு" என்று என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அத்தை உள்ளே போனார். கதவு பாதி சாத்திக்கொண்டது.

நான் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடியிலிருந்து எங்கள் யூனிட் பையன்கள் கூப்பிட்டார்கள், என்னிடம் போன் இல்லாததால் கத்திக் கூப்பிட்டார்கள். லென்ஸுக்கு மூடி போடாமல் வந்திருந்தேன். அது இன்னும் இந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. போய் இறக்க வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும். ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை. உள்ளே பேச்சு சில சமயம் சண்டை மாதிரியும் சில சமயம் சிரிப்பு மாதிரியும் கேட்டது. நடுவில் ஒரு தடவை அத்தையின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஆமாடி. அவன் இன்னும் இங்கதான் ஒக்காந்துக்கினு கீறான்."

ஸ்டெல்லா என்ன கேட்டதற்கு அந்தப் பதில் என்று அத்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காற்று கொஞ்சம் அடித்தது. கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு மெழுகுவத்தியும் எரிந்து முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.